நிற்காத கால், ஒட்டும் கை, உடைந்த பெக்: ஆக்‌ஷன் ஃபிகர் கோளாறுகளுக்கு அறிகுறி வாரியாக வழி

ஸ்டார் வார்ஸ், மார்வெல், டிசி, கொஞ்சம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ சிப்பாய்ப் பொம்மைகள். மூட்டு அசையும் இந்தப் பொம்மைகள்தான் என் அலமாரி. இவற்றுக்கு ரிவியூ எழுத ஆரம்பித்த பிறகு, "இது வாங்கலாமா?" என்று கேட்டவர்களைவிட "இது இப்படி ஆயிடுச்சு, என்ன பண்றது?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதே ஏழெட்டுக் கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்தன. நான் சரிசெய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1978-ல் கென்னர் நிறுவனம் கொண்டுவந்த 3¾ அங்குல ஸ்டார் வார்ஸ் பொம்மைகளுக்கு ஐந்தே மூட்டுகள்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை. இன்றைய ஆறு அங்குல சூப்பர் ஹீரோ ஒருவருக்கு முப்பது மூட்டுவரை இருக்கும். கெட்டுப்போகவும் அத்தனை இடம். இங்கே மாற்று வாங்குவதும் லேசில்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. கையில் இருப்பதைக் காப்பாற்றத் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

முதலில் சூடு, பிறகு எண்ணெய் அல்லது வார்னிஷ், அதன் பிறகுதான் பசை, கடைசியாகத் துளை. எல்லாக் கோளாறுக்கும் இதே வரிசைதான். சூடும் எண்ணெயும் தவறாகப் போனால் திரும்பி வரலாம். பசையும் துளையும் போட்டால் போட்டதுதான். என்னிடம் வந்த உடைந்த பொம்மைகளில் பெரும்பகுதி கோளாறினால் உடைந்தவை அல்ல, அவசரமாகச் சரிசெய்யப் போய் உடைந்தவை.

இந்தக் கட்டுரையில் "வெந்நீர்" என்றால் கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி நாலைந்து நிமிடம் ஆறவிட்ட தண்ணீர். துணி உடை, ஸ்டிக்கர், உள்ளே விளக்கு இருக்கும் பொம்மைகளைத் தண்ணீரில் போடக் கூடாது. அவற்றுக்கு ஹேர் டிரையர்.

பிளாஸ்டிக் எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தால் அழுத்தினால் லேசாக இடம் கொடுப்பது பெரும்பாலும் பிவிசி. தட்டினால் "டக்" என்று கேட்பது ஏபிஎஸ். ஒரே பொம்மையில் இரண்டும் இருக்கும்.

## அறிகுறி: பெட்டியைத் திறந்ததுமே கோளாறு

இரண்டும் இடது கையாக இருக்கிறது, முழங்கை பின்பக்கம் மடங்குகிறது, கண் ஒரு பக்கம் இழுத்து அச்சாகியிருக்கிறது. இதெல்லாம் நிஜமாகவே நடக்கிறது.

முதல் வேலை, எதையும் சரிசெய்யாமல் இருப்பது. சூடு காட்டிவிட்டாலோ பசை தொட்டுவிட்டாலோ திருப்பித் தரும் உரிமை போய்விடும். பார்சலின் முகவரி ஒட்டிய பக்கத்திலிருந்து தொடங்கி, நடுவில் வெட்டாமல், பொம்மையை வெளியே எடுப்பதுவரை ஒரே வீடியோவாக எடுத்து வைத்திருங்கள். ஒருமுறை ஒரு விற்பனையாளர் என் புகாரை ஏற்க மறுத்தபோது, அந்த வீடியோதான் பணத்தைத் திரும்ப வாங்கித் தந்தது.

### திருப்பித் தரும் நாள் முடிந்துவிட்டது என்றால்

கை இடவலம் மாறியிருந்தால் புஜத்தில் சுழலும் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, நேராக இழுத்தால் பல பொம்மைகளில் கழன்று வரும். இரண்டு கைகளையும் மாற்றிப் பொருத்திவிடலாம். ஒரே பக்கத்துக் கை இரண்டு வந்திருந்தால் வழியில்லை. அதே மாடலின் உடைந்த பொம்மையை உதிரிக்காக வாங்குவதுதான் மிச்சம்.

### போலியோ என்று சந்தேகம் வந்தால்

முதுகிலும் பாதத்தின் அடியிலும் நிறுவனப் பெயரும் உரிமக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் ஆண்டு உரிமத்தின் ஆண்டு, பொம்மை தயாரான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. இதை வைத்துப் பழையது என்று ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் சிறிய எழுத்துகள் கலங்கித் தெரிகின்றனவா, மூட்டுகளில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா, வாசனை மூக்கைத் துளைக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய கென்னர் பொம்மைகளில் உடம்பைவிட ஆயுதத்திலும் உடையிலும்தான் போலி அதிகம். முதலில் வந்த ஜாவாவுக்கு (ஸ்டார் வார்ஸின் குள்ளப் பாத்திரம்) வினைல் மேலங்கி, சீக்கிரமே அது துணியாக மாறிவிட்டது. அதனால் வினைல் அங்கியோடு இருப்பதற்குப் பல மடங்கு விலை. பென் கெனோபி என்ற இன்னொரு ஸ்டார் வார்ஸ் பொம்மையின் வினைல் அங்கியை வெட்டி ஜாவாவுக்குப் போட்டு விற்பது பழைய தந்திரம். துப்பாக்கியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள், மிதக்கும் போலிகளும் இருக்கின்றன.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு விலை சொல்லும் பழைய பொம்மை என்றால், ஏஎஃப்ஏ போன்ற தரமதிப்பீட்டு நிறுவனத்தின் சான்று பெற்றதைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்தக் காலத்துப் பொம்மைகளை வருடக்கணக்கில் கையாண்ட சேகரிப்பாளர் ஒருவர் நேரில் பார்க்கட்டும். படத்தை வைத்து யாரும் உறுதி சொல்ல முடியாது.

## அறிகுறி: அலமாரியில் நிற்காமல் சாய்கிறது

இதுதான் எல்லோரும் கேட்பது. இரவில் ஒருவர் சாய்ந்து, பக்கத்தில் நிற்பவரையும் தள்ளி, காலையில் பார்த்தால் ஒரு வரிசையே தரையில் கிடக்கும்.

பொம்மையைத் தொடும் முன் அலமாரியைப் பாருங்கள். தட்டு நடுவில் தொய்ந்திருக்கிறதா? வாஷிங் மெஷின் ஓடும் சுவரில் ஒட்டியிருக்கிறதா? கதவை அறைந்தால் கண்ணாடி அதிர்கிறதா? அதே பொம்மையைச் சமையலறை மேடையில் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். அங்கே நின்றால் கோளாறு பொம்மையில் இல்லை.

அங்கேயும் சாய்ந்தால் நிற்கும் விதத்தை மாற்றுங்கள். இறக்கை, மேலங்கி, முதுகுப் பை இருப்பவர்களுக்குப் பாரம் பின்னால் இழுக்கும். இடுப்பை ஒரு நூல் முன்னால் சாய்த்து, ஒரு காலைச் சற்றுப் பின்வாங்கி வையுங்கள். பாதி பேர் இதிலேயே நின்றுவிடுவார்கள்.

இன்னும் விழுந்தால், இடுப்பைப் பிடித்துத் தூக்கி மெல்ல ஆட்டுங்கள். எந்த இடம் ஆடுகிறது?

### எதுவும் ஆடவில்லை, ஆனால் கால் வளைந்திருக்கிறது

பிவிசி கால் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்தே வளைந்திருக்கும், அல்லது மே மாத வெயிலில் ஜன்னலோரம் நின்று இளகி வளைந்திருக்கும். காலை மட்டும் வெந்நீரில் ஒன்றிரண்டு நிமிடம் மூழ்க வையுங்கள். வெளியே எடுத்து நேராக்கி, அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். குளிர்ந்த பிறகு கையை எடுக்கலாம். லைட்சேபர் வாள் வளைவதற்கும் இதே வைத்தியம்தான். பழைய வளைவுகள் ஒரே தடவையில் நிமிராது. ஓரிரு நாள் விட்டு மறுபடி செய்யுங்கள்.

பாதம் மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் அதையும் வெந்நீரில் நனைத்து, கண்ணாடித் தட்டின் மேல் தட்டையாக அழுத்திப் பிடியுங்கள்.

### கணுக்கால் ஆடுகிறது

கணுக்கால் பந்து வடிவமா, பின் (குறுக்கே செல்லும் சின்னக் கம்பி) போட்ட மடிப்பா என்று பாருங்கள்.

பந்து என்றால் பாதத்தைச் சூடாக்கிக் கழற்றி, பந்தின் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே திரும்பப் பொருத்த வேண்டும். போதவில்லை என்றால் இன்னொரு பூச்சு. நெயில் பாலிஷ் போடச் சொல்வார்கள். அதில் இருக்கும் கரைப்பான் ஏபிஎஸ்ஸை அரிக்கும். நான் போடுவதை நிறுத்திவிட்டேன். ஃபெவிக்விக் பூச்சும் வேலை செய்யும், ஆனால் பந்து வெளியே இருக்கும்போதே கல் மாதிரி காய வேண்டும், பிறகு 1000 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். ஈரத்தோடு உள்ளே போனால் அந்தக் கணுக்கால் வாழ்நாளுக்கும் அசையாது.

பின் போட்ட மடிப்பு என்றால் கழற்ற முயலாதீர்கள். இடுக்கில் ஒரு சொட்டு வார்னிஷை ஊசி முனையால் இறக்கி, அரை மணி நேரத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். பிறகு ஓர் இரவு விடுங்கள்.

### தொடை ஆடுகிறது

பந்துத் தொடையானால் மேலே சொன்னதே. கனமான பொம்மையாக இருந்தால் வார்னிஷ் சில மாதம்தான் தாங்கும். ஒரு கம்பி ஸ்டாண்ட் வாங்கி இடுப்பைப் பிடிக்க வையுங்கள். ஸ்டாண்ட் வைப்பதைத் தோல்வியாக நினைக்கும் நண்பர்கள் உண்டு. பொம்மை விழாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: உள்ளே பல்சக்கரம் போல "கடக் கடக்" என்று நிற்கும் மூட்டு தேய்ந்து வழுக்கினால். அதைத் திறக்க உடம்பையே பிளக்க வேண்டும். மாற்று உடம்பு செய்யும் கஸ்டமைஸர் கையில் கொடுங்கள்.

ரிவியூ எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திறந்த அன்று எல்லாக் கணுக்காலும் உறுதியாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முதல் நாள் எழுதிய பழைய ரிவியூக்களில் "மூட்டுகள் நன்று" என்று போட்டதைப் படித்துவிட்டு வாங்கியவர்களை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

## அறிகுறி: மூட்டு அசையவே மறுக்கிறது

உடைவதெல்லாம் இங்கேதான். புதுப் பொம்மை, ஆசை ஆசையாக முழங்காலைத் திருப்புகிறோம், "டிக்" என்று ஒரு சத்தம். நானும் அப்படி ஒரு முழங்காலை இழந்திருக்கிறேன். அது ஒளி ஊடுருவும் நீலப் பிளாஸ்டிக், இப்போது நினைத்தாலும் வருத்தம். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் மூட்டுகள் மற்றவற்றைவிடச் சட்டென்று விரிசல் விடும். அவற்றைச் சூடாக்காமல் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

காரணங்களில் எளியது, இடுக்கில் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருப்பது. அடுத்தது, பெக்கும் (மூட்டின் முளை) சாக்கெட்டும் (அது உட்காரும் குழி) மிக இறுக்கமாக வார்க்கப்பட்டிருப்பது. பழைய பொம்மையானால் பின் துருப்பிடித்திருக்கும்.

முதலில் அந்த மூட்டு எந்தத் திசையில் அசைய வேண்டியது என்று தெரிந்துகொள்ளுங்கள். மறு கையையோ மறு காலையோ பார்த்தால் தெரிந்துவிடும். முழங்கால் மடியும், சுழலாது என்றால் சுழற்ற முயன்று பயனில்லை.

பிறகு வெந்நீரில் இரண்டு நிமிடம். மூட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் திருப்பாமல் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். தண்ணீர் ஆறிவிட்டால் மறுபடி சூடு. மூன்று தடவை ஆனாலும் பரவாயில்லை.

அசைந்துவிட்டால் ஒரு சொட்டு சிலிக்கான் ஆயில் விடுங்கள். டிரெட்மில்லுக்குப் போடும் எண்ணெய் பெரும்பாலும் இதுதான், பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவையும் கூடாது. பெட்ரோலியக் கலவைகள் சில பிளாஸ்டிக்குகளை நாளடைவில் விரிசல் விட வைக்கும்.

நிறுத்த வேண்டிய அறிகுறி: மூட்டருகே பிளாஸ்டிக் வெளுத்து ஒரு கோடு தெரிந்தால் உடனே கையை எடுங்கள். அடுத்த நொடியில் உடையப்போகிறது என்று அர்த்தம். மூன்று சூட்டுக்கும் அசையாத மூட்டை அசையாத நிலையிலேயே விட்டு நிறுத்துங்கள். விலை உயர்ந்ததானால் கஸ்டமைஸரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: பெக் உடைந்துவிட்டது

உடைந்ததும் செய்யும் முதல் தவறு, இரண்டு துண்டையும் ஃபெவிக்விக் போட்டு ஒட்டுவது. சுழல வேண்டிய பெக்கை ஒட்டினால் ஒன்று அசையாது, அல்லது முதல் திருப்பலிலேயே மறுபடி உடையும். போதாக்குறைக்கு அந்தப் பசையின் ஆவி சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகை போலப் படியும்.

துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா? சின்னச் சிதறலையும் ஒரு ஜிப் கவரில் போட்டு வையுங்கள். பிறகு எது உடைந்தது என்று பாருங்கள்.

### அலங்காரப் பகுதி: வாள் முனை, கொம்பு, மேலங்கி ஓரம்

இங்கே பசை போதும். உடைந்த முகத்தைத் தேய்க்காதீர்கள், அதன் மேடு பள்ளம்தான் சரியாகப் பொருத்தும். குண்டூசி முனையால் ஒரு சொட்டு, அரை நிமிடம் பிடி, ஒரு நாள் ஓய்வு. மெழுகு தடவியது போல வழுக்கும் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. பழைய ஆயுதங்கள் பல அப்படிப்பட்ட பாலிஎத்திலீன். உரித்தால் உரிந்து வந்துவிடும், மாற்று தேடுவதுதான் வழி.

### மணிக்கட்டுப் பெக், தலைப் பெக்

வாங்கும்போதே கூடுதல் கை ஜோடிகள் வந்திருக்கும். அதிலிருந்து பெக்கைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். பல ஜப்பானியப் பொம்மைகளில் மணிக்கட்டுப் பெக் தனித் துண்டுதான், சிலவற்றுடன் ஓர் உபரியும் வரும். உடைந்த துண்டு கைக்குள் சிக்கியிருந்தால் கையை வெந்நீரில் இளக்கி, கூரிய குண்டூசியைச் சூடாக்கி அந்தத் துண்டில் குத்தி, ஆறியதும் இழுங்கள். குறடால் பிடித்து நேராகத்தான் இழுக்க வேண்டும்.

### முழங்கால், முழங்கை, தொடை

எடை தாங்கும் இடங்கள். இங்கே பசை நிற்காது, கம்பி வேண்டும். பின் வைஸ் என்ற சின்னக் கைத்துளைக்கருவியில் 1 மி.மீ. பிட் போட்டு, இரண்டு துண்டிலும் நடுவில் நேருக்கு நேர் துளையிடுங்கள். பேப்பர் கிளிப் கம்பியை அளவாக வெட்டி உள்ளே வைத்து, கொஞ்சமாகப் பசை விட்டு இணையுங்கள். துளை நேராக அமைய ஒரு வழி: ஒரு துண்டின் நடுவில் பெயின்ட் புள்ளி வைத்து மற்றதை அழுத்தினால் அதே இடத்தில் அச்சு விழும்.

முதல் தடவை விலை உயர்ந்த பொம்மையில் செய்யாதீர்கள். உடைந்த மலிவுப் பொம்மை ஒன்றில் நாலைந்து துளை போட்டுப் பழகுங்கள். மின் டிரில் பயன்படுத்தவே கூடாது, அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகிவிடும்.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: மூட்டின் உட்கிண்ணமே பிளந்திருந்தால், அல்லது உடைந்த இடம் 3 மி.மீ. அகலம்கூட இல்லையென்றால். ஸ்கேல் மாடல் செய்பவர்களும், பிசின் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களும் புதிய பெக்கையே அச்சிட்டுத் தருவார்கள். பின் தெரியாத புதுவகை முழங்கால்களையும் அவர்களிடமே விடுங்கள். உள்ளே போக வழி இருக்காது, வெட்டித்தான் திறக்க வேண்டும்.

## அறிகுறி: தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறது

கடலோர ஊர்க்காரர்களுக்கு இது சொந்தக் கோளாறு. எண்ணெய் தடவியது போல ஒரு படலம், அதில் தூசி, விரல் வைத்தால் ரேகை பதியும். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியே கசிகிறது. சூடும் காற்றோட்டமில்லாத இடமும் இதைக் கூட்டும். "பெட்டியைத் திறக்கவே இல்லையே, எப்படி ஒட்டுது?" என்று கேட்பார்கள். திறக்காததும் ஒரு காரணம். கசிந்தது போக வழியில்லாமல் அதே பொம்மையின் மேல் படிகிறது.

### லேசாக ஒட்டினால்

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு, மென்மையான பழைய டூத் பிரஷ். பத்து நிமிடம் ஊறவிட்டு இடுக்கெல்லாம் தேய்த்து, நன்றாக அலசி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள்.

### கழுவி ஒரு மாதத்தில் மறுபடி ஒட்டினால்

இடத்தை மாற்றுங்கள். மூடிய கண்ணாடி அலமாரியானால் மேலும் கீழும் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி விடுங்கள். உள்ளே இருக்கும் சூடான பல்பை எல்இடியாக மாற்றுங்கள். பொம்மைகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும், ஒன்றின் கசிவு மற்றதன் பெயின்ட்டை இளக்கும். மென்மையான வினைல் மேலங்கியை முதுகோடு அழுத்தி வருடக்கணக்கில் விட்டால் முதுகில் நிறம் பிடித்துவிடும். அதை எடுக்க நான் அறிந்த வழியில்லை. இடையில் அமிலமில்லாத மெல்லிய தாள் ஒன்று வைத்தால் தப்பிக்கலாம்.

### என்ன செய்தும் நிற்கவில்லை என்றால்

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, பெயின்ட் இல்லாத இடத்தில் மட்டும் துடைக்கலாம். முதலில் பாதத்தின் அடியில் சோதியுங்கள். அசிட்டோன், தின்னர் பக்கம் போகாதீர்கள், பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் போய்விடும். டால்கம் பவுடர் தூவும் பழக்கம் உண்டு. பிசுபிசுப்பு மறையும், ஆனால் இடுக்கில் வெள்ளையாகப் படியும்.

ஸ்பிரே பெயின்ட் அடித்து மூடிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எனாமல் வகைப் பெயின்ட் மென்மையான பிவிசியின் மேல் காயாமலே இருந்துவிடும். பிசுபிசுப்பு இரட்டிப்பாகும். மறுவண்ணம் தேவையென்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான்.

## அறிகுறி: ஜி.ஐ. ஜோ இடுப்போடு இரண்டாகக் கழன்றுவிட்டது

பரணில் ஃபன்ஸ்கூல் டப்பாவைத் திறந்தவர்கள் எல்லோரும் பார்த்த காட்சி. மார்பு ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். பயப்பட ஒன்றுமில்லை. நம் கைக்கு வரும் பழுதுகளில் மிகவும் சந்தோஷமானது இதுதான். பத்து நிமிடத்தில் எழுந்து நின்றுவிடுவார்.

1982 முதல் 1994 வரை அமெரிக்காவில் வந்த 3¾ அங்குல ஜோக்களின் உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் ஓ-ரிங் உண்டு. அதே அச்சுகளில் இங்கே செய்யப்பட்டவற்றிலும் அதுதான். கால்களை இணைக்கும் உலோகக் கொக்கியையும் மார்பின் உட்புறத்தையும் அது இழுத்துப் பிடிக்கிறது. ரப்பர் வயதாகி அறுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு குழாய் சாமான் கடைக்கோ ஆர்ஓ சர்வீஸ் செய்பவரிடமோ போங்கள். அதே தடிமன், அதே சுற்றளவு. தடிமனானது போட்டால் கால் விறைத்துக்கொண்டு மேலே ஏறும், இடுப்புக் கவட்டை உடையும். பெரியது போட்டால் தொளதொள என்று ஆடும். நாலைந்து வாங்கி வையுங்கள், ஒருவர் கழன்றால் மற்றவர்களுக்கும் நாள் நெருங்கிவிட்டது.

முதுகில் இருக்கும் ஒற்றைத் திருகைக் கடிகார ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். முனை சரியான அளவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருகின் தலை தேய்ந்துவிடும். முகம் கீழே இருக்க, முதுகுப் பலகையை மெல்லத் தூக்குங்கள். தலையும் கைகளும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது வளையத்தைக் கொக்கியில் மாட்டி, இடுப்புத் துண்டின் துளை வழியாக மேலே இழுத்து, மார்பின் உள்ளே இருக்கும் முளையில் மாட்டுங்கள். நூல் ஒன்றை வளையத்தில் கோத்து இழுத்தால் சுலபம்.

மூடும்போது ஒரு சின்ன விஷயம். திருகை முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். "டிக்" என்று ஓர் இடத்தில் விழும், பழைய மரை அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து இறுக்குங்கள். இப்படிச் செய்யாமல் இறுக்கினால் புது மரை வெட்டி, இரண்டு மூன்று தடவையில் திருகு பிடிக்காமல் போகும்.

எழுந்து நின்றதும் கையில் துப்பாக்கியைத் திணிக்காதீர்கள். அந்த வயதில் கட்டைவிரல் முறிவதுதான் அடுத்த விபத்து. கையை வெந்நீரில் நனைத்த பிறகு கொடுங்கள்.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: திருகு துருவேறித் தலை வழுக்கிவிட்டால். கடிகாரம் பழுது பார்ப்பவர் எடுத்துத் தருவார். கவட்டை உடைந்திருந்தால் இடுப்புத் துண்டையே மாற்ற வேண்டும்.

## அறிகுறி: வெள்ளை உடம்பு மஞ்சளாகிறது

ஸ்டார் வார்ஸின் வெள்ளைக் கவசச் சிப்பாயான ஸ்டார்ம்டிரூப்பர் வைத்திருப்பவர்களின் கவலை. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். சமையலறைப் பக்கத்து அலமாரியானால் பாதி மஞ்சள் எண்ணெய்ப் புகைதான்.

கழுவியும் போகவில்லை, ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் என்றால் வெளிச்சம்தான் காரணம். இடத்தை மாற்றினால் மேலும் ஏறாமல் மெதுவாகும். கை மஞ்சள், உடம்பு வெள்ளை என்று துண்டு துண்டாக இருந்தால் பிளாஸ்டிக் கலவைகள் வேறு வேறு என்று அர்த்தம், நீங்கள் ஒன்றும் தவறு செய்யவில்லை.

வெளுக்க வைக்க ஒரு முறை உண்டு. அழகு நிலையச் சாமான் கடையில் கிடைக்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைத் தடவி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெளிச்சத்தில் வைத்து, மணிக்கொரு முறை திருப்பிப் பார்ப்பது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோலைச் சுடும். உலோகத் திருகு இருந்தால் கழற்றிவிடுங்கள். பெயின்ட் உள்ள இடத்தில் படக் கூடாது. சமமாகத் தடவாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும், அதற்கு மருந்தே இல்லை. அப்படியே வெளுத்தாலும் சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பலாம். அதனால் அரிய பொம்மைக்கு நான் இதைச் செய்வதில்லை. விற்கும்போது வெளுக்க வைத்தது என்று சொல்லிவிடுவது நியாயம்.

## அறிகுறி: தோல் உடை செதில் செதிலாக உதிர்கிறது

பன்னிரண்டு அங்குலத்தில் வரும் 1/6 அளவுப் பொம்மைகளின் ஜாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் செயற்கைத் தோல். ஈரப்பதம் அதை உள்ளிருந்து சிதைக்கிறது. உதிரத் தொடங்கியதை நிறுத்தும் கிரீம் எதுவும் இல்லை. மடிப்புகளில் முதலில் விரிசல் விடும் என்பதால், கையை மடக்கி நிறுத்தாமல் இயல்பாகத் தொங்கவிட்டால் கொஞ்ச நாள் கூடும். அலமாரியில் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

முற்றிலும் போய்விட்டால் தையற்காரரிடம்தான் போக வேண்டும். பழைய ஜாக்கெட்டைத் தையல் பிரித்து மாதிரியாகக் கொடுத்தால், பொறுமையுள்ள தையற்காரர் மெல்லிய நிஜத் தோலில் தைத்துத் தருவார்.

## அறிகுறி: கண் விளக்கு, மார்பு விளக்கு எரியவில்லை

பட்டன் செல்லைப் புதிதாக மாற்றுங்கள். ப்ளஸ் பக்கம் சரியா என்று பாருங்கள். பாதி நேரம் இதோடு முடிந்துவிடும்.

இன்னும் எரியவில்லை, உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறது என்றால் பேட்டரி கசிந்திருக்கிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். தகடு மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். அதற்கும் எரியாவிட்டால் கம்பி அறுந்திருக்கும். மொபைல் பழுது பார்க்கும் கடையில் பற்றவைத்துத் தருவார்கள். பொம்மையைத் திறக்கும் வேலையை மட்டும் நீங்களே செய்துகொடுங்கள்.

காட்சிக்கு வைக்கும்போது செல்லைக் கழற்றி வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் செல்லைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கவே கூடாது. விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும்.

## அறிகுறி: தங்க நிறப் பகுதி கை பட்டாலே நொறுங்குகிறது

1980-களின் இறுதியிலும் 90-களிலும் வந்த சில டிரான்ஸ்ஃபார்மர்ஸில், மினுமினுக்கும் தங்கத் துகள் கலந்த பிளாஸ்டிக் வயதானால் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். சூடு, எண்ணெய், பசை, கம்பி எதுவும் இங்கே எடுபடாது. துளையிட்டால் துளையைச் சுற்றியே நொறுங்கும். எந்த நிபுணரிடமும் போக வேண்டாம்.

வாங்கும் முன், அந்தப் பொம்மையில் தங்கப் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேளுங்கள். மூட்டில் இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் உருமாற்ற வேண்டாம். பிடித்த நிலையில் ஒருமுறை நிறுத்தி, எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டு, யாரும் தொடாத மேல் தட்டில் வைத்துவிடுங்கள். என்னிடம் அப்படி ஒருவர் இருக்கிறார். ரோபோவாக நிற்கிறார், இனி அவர் வண்டியாக மாறமாட்டார்.